டென் தேர்ட்டி ஒயிலும் விவேகானந்தனின் மேசையும்

1999 மார்ச் 9, பிற்பகல், கண்டி பொலிஸ் நிலையம். தமிழில் பதிவு செய்பவர்: பொலிஸ் சார்ஜன்ட் ஹுஸைன்.

பெயர்: செசிலியா மரியநாயகம். வயது: 54. பிறந்த இடம்: யாழ்ப்பாணம், பாசையூர். தற்போதைய வதிவிடம்: அம்பிட்டிய வீதி, கண்டி. சமயம்: கத்தோலிக்கம். விவாகமாகாதவர். தொழில்: அரசாங்க வைத்தியசாலையில் மயக்க மருந்து வைத்திய நிபுணர்.

விவேகானந்தன் என்பவர் எனக்கு எதிராகச் செய்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதில் எனது தொழில் மட்டும் சரியாக இருக்கிறது. எனக்குச் சிங்களமும் ஆங்கிலமும் தெரியும். ஆயினும் தமிழில்தான் வாக்குமூலம் தருவேன் என்று நான் சொன்னதால், தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் வரும் வரைக்கும் முற்பகல் முழுவதும் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை. இந்த நாட்டில் தமிழில் ஒரு விஷயத்தைச் சொல்ல அரைநாள் காத்திருப்பது அதிகமல்ல.

சென்ற வருடம் அரசாங்க வைத்தியர்களுக்கான வரிச்சலுகை அனுமதிப்பத்திரத்தில் நான் ஒரு புதிய ஜப்பானியக் காரை வாங்கினேன். அதற்கு மூன்று வருட வொரண்டி இருந்தது. காருடன் ஒரு கைநூலும் தந்தார்கள். எஞ்சினுக்கு எந்த ஒயில் ஊற்ற வேண்டும் என்பதற்கு அதில் தனியாக ஒரு பக்கம் இருந்தது. வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்படி வெப்பமானி ஒன்றின் படமும் போட்டிருந்தார்கள். கராஜ் மனேஜர்களை மனத்தில் வைத்தே அந்தப் படத்தைப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் படத்தின்படி டென் தேர்ட்டி எனப்படும் மெல்லிய ஒயில் குளிருக்கும் வெயிலுக்கும் பொருந்தும். ட்வென்டி ஃபிஃப்டி எனப்படும் தடித்த ஒயிலைப் பத்துப் பாகைக்குக் கீழே குளிரும் இடங்களில் ஊற்றக்கூடாது. நான் கிழமைதோறும் கடமைக்காக நுவரெலியாவுக்குப் போய் அங்கே இரவு தங்குகிறேன். ஜனவரிக் காலைகளில் அங்கே புல்லில் உறைபனி கிடக்கும். குளிரில் தடித்த ஒயில் எஞ்சினின் மேல்பகுதிக்கு ஏறச் சுணங்கும். அது ஏறும் வரைக்கும் இரும்போடு இரும்பு உராயும். இதை விளங்கிக்கொள்ளப் பொறியியலாளராக இருக்கத் தேவையில்லை. நுவரெலியாக் குளிரில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்த எவருக்கும் தெரியும்.

அதன் பின்னர், நவம்பர் மாதம் முதலாவது சேர்விசுக்காகக் காரைக் கட்டுகஸ்தோட்டையில் உள்ள முகவரின் வேலைத்தலத்துக்குக் கொண்டுபோனேன். அதன் மனேஜர்தான் முறைப்பாட்டாளரான விவேகானந்தன். அவரும் யாழ்ப்பாணத்தவர். கைநூலின் பக்கத்தைத் திறந்து அவருடைய மேசையில் வைத்து, டென் தேர்ட்டிதான் ஊற்ற வேண்டும் என்று சொன்னேன். அவர் பக்கத்தைப் பார்க்கவில்லை.

"டொக்டர், இது ஜப்பான் இல்லை. எங்கட வெயிலுக்கு இந்த மெல்லிய ஒயில் தண்ணி மாதிரி ஓடிப்போடும். நாங்கள் எல்லாருக்கும் பீப்பாயில இருக்கிற ட்வென்டி ஃபிஃப்டிதான் ஊத்துறம்" என்றார்.

நுவரெலியாவில் வெயில் இல்லை என்று சொன்னேன். இந்தப் புத்தகங்கள் வெள்ளைக்காரருக்கு எழுதினவை என்றார். ஜப்பானியர் செய்து இலங்கைக்கு விற்ற காரின் புத்தகம் எப்படி வெள்ளைக்காரருக்கு எழுதப்பட்டது என்று கேட்டேன். அதற்கு அவர், "வீட்டில சேர் இருந்தா ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் அவருக்கு விளங்கப்படுத்துறன்" என்றார். என் வீட்டில் சேர் எவரும் இல்லை, ஒரு நாய் இருக்கிறது, அதைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் பகிடி விட்டதாக நினைத்துக்கொண்டார். பிறகு, தங்களிடம் அந்த ஒயில் இல்லை, நானே வாங்கிக் கொடுத்தால் அதையே ஊற்றித் தருவதாகவும் அதனால் வொரண்டிக்கு ஒரு குறையும் வராது என்றும் சொன்னார்.

அதன் பின்னர், அதே வீதியில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நளீர் என்பவரிடம் போனேன். அவர் பின்னறைக்குள் போய்த் தூசி தட்டி லீற்றர் டின்கள் நான்கைக் கொண்டுவந்தார். "இந்த நம்பர்ல ஒயில் கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான் டொக்டர். எல்லாரும் கட்டியானதுதான் கேக்கிய. கட்டியா ஈந்தா நல்லம்னு நெனக்கிய, தேத்தண்ணிச் சாயம் குடிக்கிய மாதிரி" என்றார். டின்கள் ஒவ்வொன்றிலும் அவருடைய கடையின் சீட்டு ஒட்டியிருந்தது. அவற்றை என் சாரதி சிவனு வேலைத்தலத்துக்குள் கொண்டுபோய் மனேஜரின் கையில் கொடுத்தார். சிவனுவுக்கு முப்பத்தொரு வயது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். என்னிடம் ஆறு வருடமாக வேலை செய்கிறார். மாலையில் காரைத் திருப்பித் தந்தபோது, நான் கொடுத்த ஒயிலையே ஊற்றியதாக விவேகானந்தன் என்னிடம் நேரில் சொன்னார்.

அதன் பின்னர் ஜனவரியில், நுவரெலியாவில் ஒரு காலை சிவனு காரை ஸ்டார்ட் செய்தபோது எஞ்சினுக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியது போல் சத்தம் கேட்டது. ஒயில் விளக்கும் அணையவில்லை. அவர் உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து, "அம்மா, இது நல்ல சத்தம் இல்லீங்க" என்றார். இரண்டாம் முறை அது அடங்கியது. அடுத்த கிழமையும் அப்படியே நடந்தது. நான் வேலைத்தலத்துக்குப் போய்ச் சொன்னேன். புதுக் கார் என்றால் கொஞ்சம் சத்தம் போடும், கூச்சம் போகப் போகச் சரியாகிவிடும் என்று விவேகானந்தன் சொன்னார். காரைப் பற்றிச் சொன்னாரா கலியாணப் பெண்ணைப் பற்றிச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அதன் பின்னர் பெப்ரவரியில், நுவரெலியாவிலிருந்து இறங்கி வரும் வழியில், கெலிஓயாவை அடைவதற்கு முன் அந்தச் சத்தம் நிற்காமல் கேட்கத் தொடங்கியது. கார் ஏற்றத்தில் இழுக்கவில்லை. சிவனு அதை ஓரங்கட்டினார். நான் அங்கிருந்து பஸ்ஸில் ஏறிச் சத்திரசிகிச்சைக் கடமைக்கு வந்தேன். சிவனு காரை லொறியில் கட்டி இழுத்துக் கட்டுகஸ்தோட்டைக்குக் கொண்டுபோனார். வேலைத்தலத்தில் எஞ்சினின் மூடியைக் கழற்றினார்கள். மேலே சுழலும் தண்டு கோடு கோடாகத் தேய்ந்திருந்ததை நானும் பார்த்தேன். விவேகானந்தன் அதை விரலால் தடவிவிட்டு, "பாத்தியளே டொக்டர், நான் அண்டைக்கே சொன்னனான். நீங்கள் குடுத்த மெல்லிய ஒயில்தான் காரணம். வெளி ஒயில் ஊத்தினதால வொரண்டி செல்லாது" என்றார்.

எஞ்சினுக்குள் இருப்பது மெல்லிய ஒயில் அல்ல என்று நான் சொன்னேன். ஒயிலைத் திறந்து எடுத்து, புதிய டென் தேர்ட்டிக்கும் அவருடைய பீப்பாய் ஒயிலுக்கும் பக்கத்தில் வைத்துக் குளிரூட்டிப் பார்ப்போம், எது எதனோடு ஒத்து ஓடுகிறது என்று சிறுபிள்ளைக்கும் தெரியும் என்றேன். அங்கே வேலை செய்பவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. கொழும்புத் தலைமையலுவலகத்திலிருந்து ஒருவர் திங்கட்கிழமை வருவார், அவர் முன்னிலையில் செய்வோம் என்றார். அது வரைக்கும் எவரும் ஒயிலைத் தொடக்கூடாது என்று நான் சொன்னேன். அந்த மனிதரின் சொல்லில் எனக்கு நம்பிக்கை இல்லாததால், வேலைத்தலம் திறந்திருக்கும் நேரமெல்லாம் காரின் அருகில் இருக்கும்படி சிவனுவிடம் கேட்டேன். அவர் சரி என்றார். ஒரு வெற்றுப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு காரின் முன்னால் இருந்தார். வெளியே போகும்படி விவேகானந்தன் சொன்னபோது, "அம்மா சொன்னாத்தாங்க போவேன்" என்றாராம்.

அதன் பின்னர், பெப்ரவரி 27 சனிக்கிழமை முற்பகல், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிக் காவலரணிலிருந்து ஆட்கள் வந்து சிவனுவைக் கொண்டுபோனார்கள். சென்ற வருடம் கண்டியில் குண்டு வெடித்த பிறகு அந்தப் பாலத்தில் எப்போதும் காவல் இருக்கிறது. இங்கே என்ன செய்கிறாய் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒயிலைக் காவல் காக்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். அது முழு உண்மை. அதனால் ஒருவரும் நம்பவில்லை. இவர் உங்களுடைய ஆளா என்று விவேகானந்தனிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று அவர் சொல்லியிருக்கிறார். அதே மனேஜரின் கையில்தான் சிவனு அந்த டின்களைக் கொடுத்தார். காரை விட வரும் நாட்களிலெல்லாம் அதே மனேஜரின் ஆட்களோடு தேநீர் குடித்தார்.

நான் சிவனுவைத் தேடிப் பல இடங்களுக்குப் போனேன். அந்த இடங்களின் பெயரை இங்கே சொல்லவில்லை, ஏனென்றால் எல்லா இடத்திலும் இங்கே இல்லை என்ற ஒரே பதில்தான். கடைசியில் ஓர் அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். காவலரண் ஆட்களைக் குறை சொல்ல வேண்டாம் என்றும், சந்தேகத்துக்குரிய தமிழ் ஆள் ஒருவர் வாகனங்களுக்குப் பக்கத்தில் திரிகிறார் என்று வேலைத்தலத்திலிருந்து தொலைபேசியில் தகவல் தந்தவரும் உங்களுடைய தமிழ் ஆளே, அந்த மனேஜர்தான் என்றும் சிங்களத்தில் சொன்னார். அவர் அதைச் சொல்லும்போது சிரித்தார்.

அதன் பின்னர் அவர், சிவனு விசாரணையில் ஒரு நேரத்தைச் சொன்னதாகச் சொன்னார். என்ன நேரம் என்று கேட்டேன். டென் தேர்ட்டி என்றார்.

சார்ஜன்ட் அவர்கள் எழுதுவதை நிறுத்தியிருப்பதால் இதை மெதுவாக மீண்டும் சொல்கிறேன். என்ன ஒயில் என்று சிவனுவிடம் கேட்டார்கள். டென் தேர்ட்டி ஒயில் என்று சிவனு சொன்னார். அவர்கள் ஒயிலை விட்டுவிட்டு டென் தேர்ட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். பத்தரைக்கு என்ன நடக்கப்போகிறது என்று கேட்டார்கள். எந்த நாள் பத்தரை, காலையா இரவா, யார் சொன்னது என்று கேட்டார்கள். அம்மா சொன்னது என்று அவர் சொன்னார். அதன்படி ஞாயிற்றுக்கிழமை காலையிலும் இரவிலும் பத்தரைக்குப் பாலத்தில் எல்லா வாகனங்களையும் நிறுத்திச் சோதித்தார்களாம். பத்தரைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததற்கும் சிவனுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நான் கைநூலை அந்த அதிகாரியின் முன் திறந்து வைத்து, வெப்பமானிப் படத்தைக் காட்டினேன். அவர் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு பொலிஸ்காரரைக் கூப்பிட்டு, தங்களுடைய ஜீப்புக்கு என்ன ஒயில் ஊற்றுகிறார்கள் என்று கேட்டார். அன்று அந்தக் கட்டடத்தில் கேட்கப்பட்ட அறிவான கேள்வி அது ஒன்றுதான்.

அதன் பின்னர், திங்கட்கிழமை, சிவனுவை என்னிடம் ஒப்படைத்தார்கள். அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். அவருடைய உள்ளங்கால்களை நான் பார்த்தேன். பார்த்ததை வைத்தியராகத் தனியே எழுதி உரிய இடத்தில் கொடுத்திருக்கிறேன், இங்கே திருப்பிச் சொல்லவில்லை. முச்சக்கரவண்டியில் வீட்டுக்குப் போனோம். அம்பிட்டிய ஏற்றத்தில் அவர், "ஒயில பாத்துக்க முடியலீங்க அம்மா. மன்னிச்சுக்கங்க" என்றார்.

அதன் பின்னர், மறுநாள் முற்பகல், நான் தனியே வேலைத்தலத்துக்குப் போனேன். கார் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. ஒயில் முழுவதும் எடுக்கப்பட்டு, எஞ்சினின் அடித்தட்டு கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. சனிக்கிழமையே அடித்தட்டைக் கழற்றிவிட்டதாக வேலையாட்களில் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதாவது சிவனுவை ஜீப்பில் ஏற்றிய அன்றே. கொழும்பிலிருந்து எவரும் வரவில்லை. எவரையும் கூப்பிட்டிருக்கவும் இல்லை.

நான் மனேஜரின் அறைக்குள் போனேன். விவேகானந்தன் எழுந்து, "வாங்கோ டொக்டர், இருங்கோ" என்று கதிரையைக் காட்டினார். சிவனு எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. எஞ்சினைக் கழுவியது வழமையான வேலை என்றும், எடுத்த ஒயில் தண்ணீர் போல் இருந்ததைத் தானே கண்டதாகவும் சொன்னார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவருக்குப் பின்னாலிருந்த அலுமாரியின் மேல் நளீரின் கடைச் சீட்டு ஒட்டிய நான்கு டின்களும் இருப்பதைக் கண்டேன். முத்திரை உடைபடவில்லை. மேலே தூசி படிந்திருந்தது. நவம்பரிலிருந்து அவை அங்கேயே இருந்திருக்கின்றன. அவற்றை ஒளித்து வைக்கும் அளவுக்குக்கூட அந்த மனிதர் என்னை மதிக்கவில்லை.

நான் எட்டி அவற்றை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் முகம் மாறியது. "டொக்டர், பொடியள் மறந்து போனாங்கள் போல" என்றார். தொலைபேசியில் கூப்பிட்டதும் பொடியள்தானா என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"டொக்டர், நீங்களும் தமிழ், நானும் தமிழ். இந்த ஊரில எங்கட நிலைமை தெரியும்தானே. எண்பத்திமூண்டில என்ரை வீடு எரிஞ்சது. எனக்கும் பயம் எண்டு ஒண்டு இருக்கு."

அவருடைய வீடு எரிந்தது உண்மையாக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் அந்தச் சனிக்கிழமை பயந்தது இராணுவத்துக்கு அல்ல, தலைமையலுவலகத்துக்கு. "என்ரை வீடும் எரிஞ்சது. அதுக்காக நான் ஒருத்தரையும் பிடிச்சுக் குடுக்கேல்லை. நீர் ஒரு எஞ்சினுக்காகக் குடுத்திருக்கிறீர்" என்று நான் சொன்னேன்.

அதற்கு அவர், "ஒரு தோட்டக்காட்டானுக்காக ஏன் டொக்டர் இவ்வளவு மினக்கெடுறியள்?" என்று கேட்டார்.

அதன் பின்னர் நான் ஒரு டின்னைத் திறந்து அவருடைய மேசையின் மேல் ஊற்றினேன். இரண்டாவது டின்னைத் திறந்து அவருடைய மடியில் ஊற்றினேன். அவர் எழும்புவதற்கு முன் ஒயில் மேசையைக் கடந்து, இழுப்பறைக்குள் இறங்கி, அவருடைய காற்சட்டையிலும் சப்பாத்துக்குள்ளும் போய்விட்டது. கைநூலில் சொல்லியிருந்தபடியே அது எல்லா இடத்துக்கும் விரைவாகப் போய்ச் சேர்ந்தது. தடித்த ஒயிலாக இருந்திருந்தால் அவருக்கு எழும்ப நேரம் கிடைத்திருக்கும்.

ஒயில் தன் கண்ணில் பட்டதாக முறைப்பாட்டில் சொல்லியிருக்கிறார். படவில்லை. நான் ஊற்றிய உயரத்தையும் இடத்தையும் பார்த்தே ஊற்றினேன். அது என் தொழிலில் வரும் பழக்கம். நான் அவரைத் தொடவில்லை. அவர் கூப்பாடு போட்டார். வெளியே வேலையாட்கள் கூடினார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. எஞ்சிய இரண்டு டின்களையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். அவற்றை முத்திரையோடு இப்போது இந்த மேசையில் வைத்திருக்கிறேன். வழக்குப் பொருளாகப் பொறுப்பேற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பின்னர், நேற்று மாலை நளீர் என் வீட்டுக்கு வந்தார். விவேகானந்தன் அனுப்பியதாகச் சொன்னார். வாசலில் நின்றபடியே, "டொக்டர், நான் செல்லச் சொன்னதச் செல்றன், கோவிக்க வாணாம். நீங்க ஒரு ஸொரி செல்லினா கேச வாபஸ் எடுப்பாராம். வொரண்டில புது எஞ்சினும் போட்டுத் தருவாராம். டெலிபோன் கோல் எடுத்த விஷயத்த மட்டும் எங்கயும் பேச வாணாமாம்" என்றார். சிவனுவைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டேன். நளீர், "அவனப் பத்தி ஒண்டும் செல்லல்ல டொக்டர்" என்றார். உள்ளே வரச் சொன்னேன். வரமாட்டேன் என்றார். இந்த வேலைக்கு வந்ததே தனக்கு வெட்கம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேள்வி: முறைப்பாட்டாளரின் சமாதான யோசனையை ஏற்றுக்கொள்கிறீர்களா?

பதில்: இல்லை. எஞ்சின் எனக்குத் தேவையில்லை. நுவரெலியாவுக்குப் பஸ் போகிறது.

கேள்வி: அப்படியானால் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?

பதில்: சனிக்கிழமை முற்பகல் அந்த வேலைத்தலத்திலிருந்து தொலைபேசியில் பேசியவர் யார் என்பதும், இவரைத் தெரியாது என்று சொன்னவர் யார் என்பதும் பெயரோடு எழுதப்பட வேண்டும். நீதவானின் முன் அந்த மனிதர் எழுந்து நின்று, சிவனு என்ற பெயரைத் தன் வாயால் சொல்ல வேண்டும். ஒயில் ஊற்றியதற்கு நீதிமன்றம் தரும் தண்டனையை நான் ஏற்றுக்கொள்வேன். அதற்குச் சட்டத்தரணி வைக்கப்போவதில்லை.

கேள்வி: செய்ததற்கு வருந்துகிறீர்களா?

பதில்: இரண்டு டின்னோடு நிறுத்தியதற்கு வருந்துகிறேன்.

கேள்வி: சிவனு என்பவர் இப்போது எங்கே? அவரும் வாக்குமூலம் தர விரும்புகிறாரா?

பதில்: அவர் வீதிக்கு அந்தப் பக்கம் பஸ் தரிப்பிடத்தில் இருக்கிறார். என்னைத் தனியே விட மாட்டேன் என்று கூட வந்தார். ஆனால் இந்த வாசலுக்குள் கால் வைக்க மாட்டேன் என்கிறார். நான் வற்புறுத்தவில்லை. காலையிலிருந்து அங்கே இருக்கிறார். பஸ்கள் வந்து போகின்றன, அவர் எதிலும் ஏறவில்லை. அப்படி இருக்கும் ஒரு தமிழ் ஆளை யாராவது வந்து, இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்பதற்கு முன் இதை முடித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என்னிடம் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. மேலே எழுதப்பட்ட அனைத்தையும் சார்ஜன்ட் ஹுஸைன் எனக்கு உரத்து வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில், ஒயில் முறைப்பாட்டாளரின் மடியில் "தவறுதலாகக் கொட்டுண்டது" என்று எழுதப்பட்டிருந்தது. அவர் நல்லெண்ணத்தில் அப்படி எழுதினார் என்பது எனக்கு விளங்குகிறது. அந்தச் சொற்களை வெட்டிவிட்டு "ஊற்றினேன்" என்று என் கையாலேயே எழுதி, அருகில் கையொப்பமிட்டுள்ளேன். மற்றவை யாவும் நான் சொன்னபடியே இருக்கின்றன, யாவும் உண்மை.

ஒப்பம்: செ. மரியநாயகம்